மூணரை ஏக்கரும் ஒரு சின்னக் காரும்

‘என்னைப் போன்ற சின்ன விவசாயி கார் வாங்கலாமா?’ இந்தப் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதியில் அவ்வப்போது யாராவது ஒருவர் இப்படிக் கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் விவரம் தெரிந்தவன் இல்லை. ஆனால், ஒரு பழைய சின்னக் காரை வாங்கி ஒரு வருஷம் முழுசாக வைத்திருந்து, ஓடிய தூரத்தையும் செலவையும் ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். யோசனையில் இருப்பவர்களுக்கு அந்த நோட்டு உதவலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குத் திண்டுக்கல் மாவட்டம், தொப்பம்பட்டி ஒன்றியம். பழனி, ஒட்டன்சத்திரம், தாராபுரம் மூன்றுக்கும் நடுவில் கிடக்கிற வறக்காட்டுப் பூமி. மூணரை ஏக்கர் தோட்டம். ஒரு ஏக்கர் முருங்கை, மீதியில் பருவம் பார்த்து மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். ஒரு போர், இரண்டு கறவை மாடு. குடியிருப்பது ஊருக்குள் இல்லை, தோட்டத்துச் சாளையில். தார் ரோட்டுக்கு வர முக்கால் கிலோமீட்டர் இட்டேரியில் வர வேண்டும்.

அந்த ஐப்பசி ராத்திரி

2023 ஐப்பசியில் ஒரு ராத்திரி. நல்ல அடைமழை. ஒரு மணி இருக்கும், அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பக்கத்துத் தோட்டத்தில் கார் இருக்கிறது, ஆனால் அவர்கள் அன்றைக்கு ஊரில் இல்லை. இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது. 108-க்கு அடிக்க வேண்டும் என்ற புத்தி அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. பதற்றம் அப்படி. அம்மாவை பைக்கில் எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் உட்கார வைத்து, உரச்சாக்கைப் பிரித்துத் தலையில் போட்டு, பழனி அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அம்மா பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, “இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா என்னை எங்கயும் கூட்டீட்டுப் போகாத சாமி. இங்கயே கெடந்துக்கறேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். கார் வாங்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

ஒரே இரண்டு சக்கர வண்டியில் குடும்பமே மழையில் நனைந்து போவதைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு நானோ கார் யோசனை வந்தது என்பார்கள். 2008-ல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று காட்டினார்கள், 2009-ல் விற்பனைக்கு வந்தது, பத்து வருஷத்துக்குள் நின்றும் போனது. ‘மலிவுக் கார்’ என்ற பெயரே அதற்குப் பகையாகிவிட்டது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். நனையாமல் போவதற்கு மட்டும் யாரும் கார் வாங்குவதில்லை, நாலு பேர் பார்க்கவும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். எனக்கும் அந்த ஆசை துளி இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

வாங்கிய விதம்

2024 ஆவணியில் வாங்கினேன். 800 சி.சி., பெட்ரோல் வண்டி, 2016 மாடல், ஒருவர் கையிலிருந்து வந்தது. விலை 2,45,000 ரூபாய். வெங்காயத்தில் கிடைத்ததும் சீட்டு எடுத்ததும் சேர்ந்து ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. மீதிக்கு என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தோம். கம்பெனி பெயரை எழுதினால் விளம்பரம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன். இந்தத் தரத்தில் ஓடும் எல்லா வண்டிக்கும் நான் சொல்வது பொருந்தும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் வண்டியைப் பார்ப்பதைவிட தாள்களைப் பார்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் ‘ஹைப்பாதிகேஷன்’ என்று கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால், அவர்களிடமிருந்து என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஆர்.சி. முதல் பதிவிலிருந்து 15 வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். 2016 வண்டி என்றால் 2031 வரை என்று கணக்கு வைத்துத்தான் விலை பேசினேன்.

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள், கூட உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கட்டும். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது, என்ன புகை வருகிறது என்று அப்போதுதான் தெரியும். நாம் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எல்லாக் கோளாறும் மறைந்துவிடும்.

தோட்டத்தில் கார்

டவுனில் கார் வைத்திருப்பது வேறு, தோட்டத்தில் வைத்திருப்பது வேறு. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முதல் மூன்று மாதம் மக்காச்சோளத் தட்டுப் போருக்குப் பக்கத்தில் கொட்டகையில் நிறுத்தினேன். வெயில் படாது என்று நினைத்தேன். எலிக்கும் அது பிடித்துப் போனது. ஒருநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. மூடியைத் திறந்தால் இன்ஜின் மேல் மக்காச்சோள மணி, கந்தல் துணி எல்லாம் வைத்துக் கூடு கட்டியிருக்கிறது. ஒயரை நாலு இடத்தில் கடித்திருந்தது. 4,300 ரூபாய் செலவு. புகையிலையைத் துணியில் முடிந்து வைத்தேன், அந்துருண்டை போட்டேன். பத்து நாள் கேட்டது, அப்புறம் பழகிவிட்டது. கடைசியில் பலன் கொடுத்தது இரண்டுதான். தவசமும் தட்டும் இருக்கும் இடத்தை விட்டு வண்டியை வெட்டவெளிக்கு மாற்றினேன். இரண்டு நாளைக்கு ஒருதரம் கட்டாயம் மூடியைத் திறந்து பார்க்கிறேன். வெட்டவெளி என்று சொல்லித் தென்னை மரத்தடிக்குப் போய்விடாதீர்கள். ஒரு தேங்காய் போதும்.

காய்ந்த தட்டு, வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓடி வந்த வண்டியின் சைலன்சர் குழாய் கொதித்துக் கிடக்கும். தை மாதம் ரோட்டில் கொள்ளு காயப் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஓட்டினேன். கொடி அடியில் சுற்றிக்கொண்டு கருக ஆரம்பித்தது. நல்லவேளை, பின்னால் பைக்கில் வந்தவர் புகையைப் பார்த்துச் சத்தம் போட்டார். குடத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தோம். கொள்ளு காயப்போட்டவர்களைத் திட்ட வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. முந்தைய வருஷம் வரை அதே ரோட்டில் கொள்ளுக் கொடியைப் போட்டு, காரில் வருகிறவன் மேல் ஏற்றி ஓட்டினால் நமக்கு அடிக்கிற கூலி மிச்சம் என்று உட்கார்ந்திருந்தவன் நான்தான். இந்த வருஷம் வீட்டில் களத்தைச் சாணி போட்டு மெழுகிவிட்டோம்.

காய்கறி ஏற்றலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அது பலிக்கவில்லை. பின்சீட்டை மடித்துவிட்டு முருங்கைக்காய்க் கட்டு நாலு ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனேன். போய்வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் மட்டும் முந்நூறு ரூபாய். அதே கட்டுகள் எப்போதும்போல டெம்போவில் போயிருந்தால் பாதிச் செலவுகூட ஆகியிருக்காது. வெங்காய மூட்டை ஏற்றியபோது பின்பக்கம் தாழ்ந்து, இட்டேரிக் கல்லில் அடிவயிறு இடித்தது. ஆள் ஏறும் வண்டி ஆளுக்குத்தான். சின்ன வேலைக்கு இன்றும் என் பழைய பைக்தான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: பூச்சிமருந்தை ஆட்கள் உட்காரும் காருக்குள் ஏற்றாதீர்கள். மூடி கசிந்து சீட்டில் ஊறினால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான் அதைச் சுவாசிக்க வேண்டும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது இ-20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். கரும்பிலிருந்தும் அரிசியிலிருந்தும் நாம் விதைக்கிற மக்காச்சோளத்திலிருந்தும் அதை எடுக்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எனக்கு வருஷச் சராசரி லிட்டருக்கு 18 வந்தது. 2023 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளை இதற்கேற்ற மாதிரியே செய்கிறார்கள். பழைய வண்டிக்காரர்கள் சர்வீஸ் விடும்போது பெட்ரோல் வருகிற ரப்பர் குழாய்களை ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். மக்காச்சோளம் விற்கும்போது எத்தனாலால் விலை கூடுமா என்று பார்க்கிறேன், பங்கில் நிற்கும்போது மைலேஜ் குறைந்துவிட்டதே என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் நானேதான்.

ஊர்க் கார்

வண்டி வந்த பத்தாவது நாளே அது ஊருக்கும் பொதுவாகிவிட்டது. பிரசவ வலி, பாம்புக்கடி, பரீட்சைக்கு பஸ்ஸை விட்ட பிள்ளை என்று ராத்திரி பகல் பார்க்காமல் போன் வரும். கதவு திறக்காத வீட்டின் முன்னால் மழையில் நின்றவன் நான், என்னால் வர முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன்.

ஒன்று, நெஞ்சுவலி, விபத்து, வலிப்பு என்றால் முதலில் 108. அதில் ஆக்சிஜனும் பழகிய ஆளும் இருக்கிறார்கள், என் காரில் நான் மட்டும்தான் இருக்கிறேன். அது வரத் தாமதமாகும் என்று தெரிந்தால், பேசிக்கொண்டே எதிரே கொண்டுபோய் வழியில் மாற்றிவிடுகிறேன். ரோட்டில் அடிபட்டவரை ஏற்றினால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும் என்ற பயம் இனி வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், நல்ல எண்ணத்தில் உதவியவரைக் காப்பாற்றுகிறது. பெயர், விலாசம் கொடுக்கச் சொல்லிக்கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இன்னொன்று, காசு வாங்கக் கூடாது. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. அப்படி ஓட்டும்போது விபத்தானால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். இதைச் சொன்னால் சிலர் சட்டைப் பையில் திணிப்பார்கள். “காசு வேண்டாமுங்க, நாளானிக்கு எங்க காட்டுல களை வெட்டுக்கு ஒருநாள் வந்துருங்க” என்று சொல்லப் பழகினேன். மாத்தாள் என்பது நமக்குப் புதுசா? ஆனால் ஜவுளி எடுக்கத் திருப்பூர் போக வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது தண்ணீர் முறை இருக்கிறது, முடியாது என்றேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கார் இல்லாதபோது எனக்கு அந்த மனஸ்தாபம் இல்லை.

நோட்டுக் கணக்கு

ஒரு வருஷத்தில் ஓடியது 9,180 கிலோமீட்டர். செலவு இப்படி:

பெட்ரோல் 510 லிட்டர், 52,020 ரூபாய்
இன்சூரன்ஸ் 5,900
இரண்டு சர்வீஸ் 6,800
இரண்டு டயர் 6,000
பேட்டரி 3,700
எலி கடித்த ஒயர் 4,300
பெயர் மாற்றம், புகைச் சான்று, சில்லறை 3,200
நகைக் கடன் வட்டி 9,100

கைவிட்டுப் போனது 91,020 ரூபாய். இதோடு முடியவில்லை. வருஷம் முடிந்ததும் விலை கேட்டுப் பார்த்தேன். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த நேரம். புதுவண்டி விலை இறங்கினால் பழையதும் இறங்கும்தானே, புரோக்கர் 2,15,000 என்றார். அதில் 30,000 தேய்ந்தது. ஆக மொத்தம் 1,21,020 ரூபாய். கிலோமீட்டருக்கு 13 ரூபாய் 18 காசு. நாளைக்கு 332 ரூபாய். எனக்குப் பால் சங்கத்தில் கிடைக்கும் விலைக்கு ஒன்பதரை லிட்டர் பால். தீவனச் செலவைக் கழிக்காமலே ஒரு மாட்டுப் பால் முழுசாகக் காருக்குப் போகிறது. மாடாவது சாணி போடும்.

ஓடிய தூரத்தையும் பிரித்து எழுதியிருந்தேன். மருத்துவமனைக்கு 2,100 கிலோமீட்டர். தோட்டம், மார்க்கெட், பேங்க் வேலைக்கு 2,600. ஊராருக்கு 1,380. விசேஷம், கோயில், உறவுக்காரர் வீடு என்று 3,100.

நகைக் கடன் தவணை முடிந்திருந்த நேரம் அது. ஒருநாள் சாயங்காலம் நோட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் சத்தமாகப் படித்தேன். மருத்துவமனைக்காக வாங்கிய கார், ஆனால் அதற்கு ஓடியது கால்வாசிகூட இல்லை. அந்த 2,100 கிலோமீட்டரை வாடகைக் காரில் போயிருந்தால் காத்திருப்புக் காசோடு சேர்த்தும் நாற்பதாயிரத்துக்குள் முடிந்திருக்கும். “விசேஷத்துக்கு மூவாயிரத்து நூறு. இதுதான் தண்டம். வித்துட்டுச் சங்கிலியைத் திருப்பிடலாம்” என்றேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “அந்த மூவாயிரத்துல பாதி நான் போனதுடா கண்ணு” என்றார்.

விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். தாராபுரம் பக்கம் சின்னம்மா வீட்டுக்கு இரண்டு தரம். பிறந்த ஊர் மாரியம்மன் நோன்புக்கு. தங்கச்சி மகன் கல்யாணம். பேரன் காதுகுத்து. அமராவதி அணை. அந்த அணை கட்டி முடிந்த 1957-ல் அம்மாவுக்கு நாலு வயது. அங்கே போக வேண்டும் என்று யாரிடமும் அவர் கேட்டதே இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மூட்டுவலி வந்த பிறகு ஆறு வருஷமாக அம்மா எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை. கேட்டால், “எனக்கு எதுக்கு, நீங்க போய்ட்டு வாங்க, மாட்டைப் பாத்துக்கறேன்” என்பார். வயசாகி ஆசை விட்டுப்போச்சு என்றே நினைத்திருந்தோம். ஆசை விடவில்லை. டவுன் பஸ்ஸின் முதல் படி உயரம். அதில் கால் வைக்க முடியவில்லை, கண்டக்டர் விசில் ஊதும்வரை தடுமாறி நிற்க வெட்கம். அதை எங்களிடம் சொல்லவும் வெட்கம். காரில் அந்தத் தொல்லை இல்லை. கதவைத் திறந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்கிறார்.

தை மாதம் சின்னம்மா வீட்டில் அக்காவும் தங்கச்சியும் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். வைகாசியில் சின்னம்மா இறந்துபோனார். கார் இல்லாவிட்டால் அம்மா கடைசியாக முகத்தைத்தான் பார்த்திருப்பார், அதுவும் பெட்டிக்குள். நோட்டில் அந்தத் தை மாதப் பயணத்துக்கு நான் எழுதியிருந்தது ‘விசேஷம், 64 கி.மீ.’ என்று மட்டும்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். சங்கிலி அவளுடையது, முடிவும் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். “விக்க வேண்டாமுங்க. ஆனா ரெண்டு கண்டிசன்” என்றாள். “வர்ற வருஷம் வெங்காயத்துல வர்ற முதல் காசு சங்கிலிக்கு. அப்புறம், எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுக்கோணும். அத்தைக்கு முடியலைன்னா நீங்க ஓட்டுவீங்க. உங்களுக்கு முடியலைன்னா ஆரு ஓட்டறது?”

வருஷம் முழுக்கக் கணக்கு எழுதிய எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

இப்போது எல்.எல்.ஆர். போட்டிருக்கிறாள். டவுனில் டிரைவிங் ஸ்கூல், சாயங்காலம் மக்காச்சோளம் அறுத்த காட்டில் ரிவர்ஸ் பழக்கம். கிளட்சை விட்டதும் வண்டி குதிக்கிறது, அம்மா திண்ணையில் இருந்து சிரிக்கிறார். வட்டியைக் கட்டிக் கடனைப் புதுப்பித்திருக்கிறோம். சங்கிலி இன்னும் பேங்கில்தான் இருக்கிறது.

‘சின்ன விவசாயி கார் வாங்கலாமா?’ என்ற கேள்விக்கு என் பதில் இது. வருமானம் வரும் என்று நினைத்து வாங்காதீர்கள், வராது. பூமிப் பத்திரத்தை வைத்து வாங்காதீர்கள். போரோ, சொட்டு நீரோ, ஒரு மாடோ வாங்க வேண்டிய காசு என்றால் அதை முதலில் வாங்குங்கள். இவ்வளவுக்கும் பிறகு முடிகிறது என்றால், சின்னதாக, பழையதாக, தாள் சுத்தமாக உள்ளதாக வாங்குங்கள். ஓட்ட வீட்டில் இரண்டு பேர் பழகுங்கள். ஒரு நோட்டும் போடுங்கள். ஆனால் எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் எழுதாமல், யார் போனது, யாரைப் பார்க்கப் போனது என்பதையும் எழுதி வையுங்கள். நான் இந்த ஆவணியிலிருந்து அப்படித்தான் எழுதுகிறேன்.